எழுபத்தஞ்சுல ரெண்டு

2024 ஜூன் 4 சாயங்காலம். திருநெல்வேலிப் பக்கம் எங்க ஊர்ல, மாமா வீட்டு டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தேன். எங்க மாமா பழைய தி.மு.க.காரர். பதவி கிதவி ஒண்ணும் கிடையாது. ஆனா விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர்தான் எங்க பூத்துக்கு ஏஜென்ட். எந்த வீட்ல எத்தனை ஓட்டு, யாரு திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கா, யாரு செத்துப் போயாச்சு, எந்தப் பொண்ணு கல்யாணமாகிப் பேரை வேற ஊருக்கு மாத்திக்கிச்சு, எல்லாம் அவருக்கு அத்துப்படி. வாக்காளர் பட்டியலும் பென்சிலுமா தெருவுல நடந்தார்னா, தேர்தல் வந்துடுச்சுன்னு அர்த்தம்.

டிவியில தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்த்து 40க்கு 40ன்னு போட்டாங்க. எங்க தொகுதியில நின்னது காங்கிரஸ். அதுவும் ஜெயிச்சாச்சு. மாமா சிரிச்ச முகமா இருந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு டெல்லிக் கணக்கு வந்துச்சு. தேசிய ஜனநாயகக் கூட்டணி 293, இந்தியா கூட்டணி 234. மாமா முகம் சுருங்கிப் போச்சு.

"ஏ மருமவனே, நாப்பதும் செயிச்சாச்சுல்லா. பொறவு ஏன் மறுபடியும் அவியளே வாராவ?"

"வடக்க பத்தல மாமா."

"வடக்கன்னா எங்கல?"

சட்டுனு பதில் வரல. "உ.பி., பீகார்..."ன்னு இழுத்தேன். உ.பி.யிலதான் அவங்க அடி வாங்கியிருக்காங்கன்னு டிவியிலயே ஓடிட்டு இருந்துச்சு. நல்லா அசடு வழிஞ்சேன். அந்த "எங்கல?"வுக்குப் பதில் தேடினதுதான் இந்தப் பதிவு.

(டிஸ்கி: நான் காங்கிரஸ்காரன் இல்ல. வேற எந்தக் கட்சியிலயும் இல்ல. தேர்தல் முடிவுகளை எக்செல்ல போட்டுப் பார்க்கிறது எனக்கு ஒரு வியாதி. அம்புட்டுதான். ஆளும் கட்சி எதுவா இருந்தாலும், எதிர்ல ஜெயிக்கிற அளவுக்குத் தெம்போட ஒரு கட்சி நிக்கணும்னு நினைக்கிறவன். அந்தச் சார்பு எனக்கு உண்டு, ஒத்துக்கிறேன்.)

2029ல காங்கிரஸ் ஜெயிக்குமான்னு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "கூட்டணி ஒழுங்கா அமைஞ்சா ஜெயிக்கும்." நம்ம ஊர் அனுபவம் அப்படி. 2004ல தமிழ்நாடு, புதுச்சேரி ரெண்டும் சேர்த்து 40ம் ஒரே கூட்டணிக்குப் போச்சு, வாஜ்பாய் அரசு போச்சு. அதனால ஜெயிக்கிறதுன்னா கூட்டணி, கூட்டணின்னா ஜெயிக்கிறதுன்னு நமக்கு ரத்தத்துலயே ஊறிப் போச்சு.

இதுல பாதி உண்மைதான். 2019ல பாஜக 303, 2024ல 240. அதாவது 63 குறைஞ்சுது. எங்கே குறைஞ்சுதுன்னு பாருங்க. உ.பி.யில 62லேருந்து 33. மகாராஷ்டிராவுல 23லேருந்து 9. ரெண்டு இடத்துலயும் காங்கிரசுக்குப் பக்கத்துல ஒரு பெரிய மாநிலக் கட்சி இருந்துச்சு. உ.பி.யில அகிலேஷோட சமாஜ்வாதி 37 ஜெயிச்சுது, காங்கிரசுக்கு 6 கிடைச்சுது. நம்ம ஊர்ல காங்கிரஸ் நின்ன 9ம் ஜெயிச்சுது. அந்த 9க்கும் தெருவுல நடந்தது யாருன்னு நினைக்கிறீங்க? எங்க மாமா மாதிரி ஆளுங்கதான். கொடி காங்கிரசோடது, கால்வலி தி.மு.க.காரரோடது.

சரி, பக்கத்துல யாருமே இல்லாத இடத்துல காங்கிரஸ் என்ன பண்ணுச்சு?

இதுக்காக அஞ்சு மாநிலத்தை எடுத்துக்கிட்டேன். மத்தியப் பிரதேசம் 29, குஜராத் 26, சத்தீஸ்கர் 11, உத்தரகண்ட் 5, ஹிமாச்சல் 4. மொத்தம் 75 தொகுதி. இந்த அஞ்சுலயும் பெரிய மாநிலக் கட்சின்னு ஒண்ணு கிடையாது. பாஜக ஒரு பக்கம், காங்கிரஸ் ஒரு பக்கம், நேருக்கு நேர். ராஜஸ்தானும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஆனா அங்கே 2024ல நடந்தது வேற கதை, அதைக் கீழே தனியா சொல்றேன்.

இந்த 75ல காங்கிரஸ் ஜெயிச்சது:

2004 - 21
2009 - 30
2014 - 3
2019 - 3
2024 - 2

மறுபடி ஒரு தடவை பாருங்க. 2024ல எழுபத்தஞ்சுல ரெண்டு. மபி பூஜ்யம், ஹிமாச்சல் பூஜ்யம், உத்தரகண்ட் பூஜ்யம், குஜராத் ஒண்ணு, சத்தீஸ்கர் ஒண்ணு. நாடு முழுக்க பாஜக 63 இடத்தை இழந்த அதே தேர்தல்ல, இந்த அஞ்சு மாநிலத்துல மட்டும் அவங்க 72லேருந்து 73க்கு ஏறியிருக்காங்க. அதாவது பாஜக மேல கோபம் இருந்த வருசத்துலயும் காங்கிரஸ் தன் சொந்த மைதானத்துல ஒரு படி கீழே இறங்கியிருக்கு.

காங்கிரஸ் 52லேருந்து 99க்குப் போனதைப் பெரிய வெற்றியா அப்போ கொண்டாடினாங்க. கொண்டாடட்டும், தப்பில்ல. ஆனா அந்த 99ல 14 கேரளா, 9 தமிழ்நாடு. இந்த 23ம் பாஜக கையிலேருந்து பிடுங்கினது இல்ல. கேரளாவுல காங்கிரஸ் ஜெயிச்சா கம்யூனிஸ்டுக்குத்தான் குறையும், டெல்லியில பாஜகவுக்கு ஒண்ணும் குறையாது. மபியில ஒண்ணு ஜெயிச்சா அங்கே ஒண்ணு குறையும், இங்கே ஒண்ணு கூடும். ரெட்டை மார்க் கேள்வியை விட்டுட்டு ஒத்தை மார்க் கேள்வியா எழுதிட்டு வந்த பையன் கதைதான் இது.

இன்னொரு கூட்டல் கழித்தல். 2024ல மத்த எல்லா இடத்துலயும் அதே முடிவு வந்து, இந்த 75ல மட்டும் காங்கிரஸ் தன்னோட 2009 அளவுக்கு, அதாவது 30க்குப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? 28 இடம் கை மாறும். தே.ஜ.கூ. 293லேருந்து 265. பெரும்பான்மைக்கு 272 வேணும். முடிஞ்சுது கதை.

30 கூட வேண்டாம். 24 போதும். 22 இடம் மாறினா 293, 271 ஆயிடும். எழுபத்தஞ்சுல இருபத்திநாலு, மூணுல ஒரு பங்கு கூட இல்ல. மூணு பரீட்சையிலயும் சேர்த்து மூணுல ஒரு பங்கு வாங்க முடியாத கட்சி, "இந்தியாவைக் காப்பாத்தப் போறோம்"னு மேடையில பேசுது.

மாமா கேட்ட "எங்கல?"வுக்குப் பதில் இதுதான். இந்தூர், சூரத், ராய்ப்பூர், டேராடூன், சிம்லா. லக்னோவும் பாட்னாவும் இல்ல.

*

சரி, அங்கெல்லாம் காங்கிரசுக்கு ஓட்டே இல்லையான்னு கேட்டா, இருக்கு. அதுதான் வயித்தெரிச்சலே.

2018 டிசம்பர்ல மபியில 114 இடம் வாங்கி ஆட்சி அமைச்சாங்க. சத்தீஸ்கர்ல 90க்கு 68, சுனாமி மாதிரி. அஞ்சே மாசம் கழிச்சு லோக்சபா தேர்தல். மபியில 29க்கு 1, சத்தீஸ்கர்ல 11க்கு 2.

ஹிமாச்சல் இதை விட வேடிக்கை. 2022ல 68க்கு 40 ஜெயிச்சு ஆட்சிக்கு வந்தாங்க. 2024 பிப்ரவரியில ராஜ்யசபா தேர்தல்ல ஆறு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் மாத்திப் போட்டு, ஓட்டு சமமாகி, குலுக்கல்ல சிங்வி தோத்தார். அந்த ஆறு தொகுதிக்கும் லோக்சபாவோட சேர்த்து இடைத்தேர்தல் வந்துச்சு. முடிவு என்ன தெரியுமா? ஆறுல நாலு காங்கிரஸ் ஜெயிச்சுது. லோக்சபா நாலும் தோத்துது. ஒரே நாள், ஒரே பூத், ஒரே விரல். ரெண்டு மெஷின்ல ரெண்டு விதமா அமுக்கியிருக்காங்க.

ஆக, அந்த வாக்காளருக்குக் காங்கிரஸ் மேல வெறுப்பெல்லாம் இல்ல. "ஊருக்கு நீங்க சரி, டெல்லிக்கு?"ன்னு கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் போகல.

ஓட்டு சதவீதத்தைப் பார்த்தா இந்த அஞ்சு மாநிலமும் ரெண்டு வகையாப் பிரியுது. சத்தீஸ்கரிலும் ஹிமாச்சலிலும் 2024ல காங்கிரஸ் வாங்கினது சுமார் 41%. நாற்பத்தியோரு சதவீத ஓட்டை வெச்சுக்கிட்டு 15 தொகுதியில ஒண்ணே ஒண்ணு. நேரடிப் போட்டியில இப்படித்தான் ஆகும், மூணாவது ஆள் ஓட்டைப் பிரிக்க மாட்டார், பத்துப் பன்னிரண்டு சதவீதம் பின்தங்கினா மொத்தமா போயிடும். இங்கே வீடு நல்லா இருக்கு, கூரைதான் ஒழுகுது. நூத்துல ஆறு பேர் மனசு மாறினா நிலைமையே மாறும்.

மபி, குஜராத், உத்தரகண்ட் அப்படி இல்ல. மூணுலயும் காங்கிரஸ் 31லேருந்து 33 சதவீதத்துக்குள்ள நின்னுடுச்சு. மபியில பாஜக சுமார் 59, குஜராத்ல சுமார் 62. இது கூரைப் பிரச்சினை இல்ல, அஸ்திவாரமே போயிருக்கு. 75ல 60 தொகுதி இந்த மூணு மாநிலத்துலதான் இருக்கு.

அஸ்திவாரம் எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சுக்க 2024ல நடந்த ரெண்டு சம்பவம் போதும்.

முதலாவது சூரத். காங்கிரஸ் வேட்பாளரோட வேட்புமனு தள்ளுபடி. முன்மொழிஞ்சவங்களே "இது எங்க கையெழுத்து இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. மாற்று வேட்பாளர் மனுவும் போச்சு. மத்தவங்க எல்லாரும் வாபஸ். பாஜக போட்டியே இல்லாம ஜெயிச்சுது. முன்மொழியறவங்கன்னா யாரு? வேட்பாளருக்கு ரொம்ப நெருக்கமான ஆளுங்கதானே? நம்ம கல்யாணப் பத்திரிகையில பேர் போடற அளவுக்கு நம்பிக்கையான ஆளுங்க. அவங்களே நிக்கல.

ரெண்டாவது இந்தூர். வாபஸ் வாங்கக் கடைசி நாள் காங்கிரஸ் வேட்பாளர் மனுவை வாபஸ் வாங்கிட்டு அன்னிக்கே பாஜக பக்கம் போயிட்டார். வேற ஆள் போட நேரமில்ல. காங்கிரஸ்காரங்க வேற வழியில்லாம "நோட்டாவுக்குப் போடுங்க"ன்னு பிரசாரம் பண்ணினாங்க. நோட்டாவுக்கு விழுந்தது 2,18,674 ஓட்டு. ரெண்டாவது இடமே நோட்டாதான்.

ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுல இருக்கிறவர் இந்தூர்க்காரர். 2014லயும் 2019லயும் பாஜகவுக்குப் போட்டவர். 2024ல ஏதோ கோபம், மாத்திப் போடலாம்னு முடிவு பண்ணி, லீவு போட்டு, சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து ஊருக்குப் போனார். போய்ச் சேர்ந்தா மாத்திப் போட ஆளே இல்ல. "வரிசையில ஒண்ணரை மணி நேரம் நின்னு 'யாரும் இல்லை'ன்னு ஒரு பட்டனை அமுக்கிட்டு வந்தேன்"ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரல. கட்சி தோக்கிறது வேற. மனசு மாறி வர்ற ஓட்டை வாங்கிக்க வாசல்ல ஆள் இல்லாம இருக்கிறது வேற. காங்கிரசைப் பிடிக்காதவங்களுக்கும் இது நஷ்டம்தான். கோபம் வந்தா போக இடம் இருக்குன்னு தெரிஞ்சாதான் ஆளும் கட்சி நம்மளை மதிக்கும்.

ஓடிப் போறது சின்ன ஆளுங்களோட நிக்கல. 2020 மார்ச்சுல சிந்தியா போனார், கூடவே 22 எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா, மபி ஆட்சி கவிழ்ந்துச்சு. 2019ல அதே சிந்தியா குனாவுல காங்கிரஸ் வேட்பாளரா நின்னு தோத்தவர். 2024ல அதே குனாவுல பாஜக வேட்பாளரா ஜெயிச்சுட்டார். ஆள் அதேதான், ஊர் அதேதான், சின்னம் மட்டும் வேற.

*

இருட்டு மட்டும்தானான்னா, இல்ல. அந்த ரெண்டுல ஒண்ணு குஜராத்தோட பனாஸ்காந்தா. அதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

அங்கே ஜெயிச்சது கேனிபென் தாகோர். 2012ல வாவ் சட்டசபைத் தொகுதியில தோத்தாங்க. ஊரை விட்டுப் போகல. 2017ல அதே வாவ்ல, தன்னைத் தோற்கடிச்ச அதே ஆளை ஜெயிச்சாங்க. 2022ல குஜராத் முழுக்க காங்கிரஸ் 17 இடத்துக்குச் சுருங்கினப்பவும் அவங்க ஜெயிச்சாங்க. 2024 லோக்சபாவுக்குக் கையில காசில்ல, ஜனங்ககிட்ட நன்கொடை வாங்கித் தேர்தலைச் சந்திச்சாங்க. எதிர்ல நின்னது, அந்த மாவட்டத்தோட உயிர்நாடியான பனாஸ் பால் கூட்டுறவை ஆரம்பிச்சவரோட பேத்தி. சுமார் 30 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்துல கேனிபென் ஜெயிச்சாங்க. பத்து வருசத்துக்கு அப்புறம் குஜராத்லேருந்து ஒரு காங்கிரஸ் எம்.பி.

ராஜஸ்தான் கதையும் இப்படித்தான். 2014ல பூஜ்யம், 2019ல பூஜ்யம். 2024ல 25க்கு காங்கிரஸ் 8, கூட இருந்தவங்க 3. சிகார் தொகுதியை மார்க்சிஸ்டுக்குக் கொடுத்தாங்க, நாகௌர் பேனிவாலுக்கு, பன்ஸ்வாராவுல ஆதிவாசிக் கட்சிக்கு ஆதரவு. மூணும் ஜெயிச்சுது. அந்தந்த ஊர்ல ஏற்கனவே வேர் விட்டிருந்த ஆளைக் கண்டுபிடிச்சு வழி விட்டாங்க. தலைமை டெல்லியிலேருந்து ஆளை இறக்கல.

ஹரியானா இதுக்கு நேர் எதிர் பாடம். 2024 ஜூன்ல 10க்கு 5 ஜெயிச்சாங்க. அக்டோபர்ல சட்டசபைத் தேர்தல், எல்லாக் கருத்துக்கணிப்பும் காங்கிரஸ்தான்னு அடிச்சுச் சொல்லுச்சு. முடிவு பாஜக 48, காங்கிரஸ் 37. ஓட்டு வித்தியாசம் ஒரு சதவீதம் கூட இல்ல. ஹூடா ஒரு பக்கம், செல்ஜா ஒரு பக்கம்னு சண்டை. அதை விடக் கொடுமை, அந்த மாநிலத்துல பத்து வருசத்துக்கும் மேல காங்கிரசுக்கு மாவட்டத் தலைவர்களே கிடையாது. தோத்ததுக்கு அப்புறம் 2025 ஆகஸ்ட்லதான் போட்டாங்க. மாவட்டத் தலைவர் இல்லாம ஒரு கட்சி ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துச்சு. நம்ம ஊர்ல ரசிகர் மன்றத்துக்கே மாவட்டத் தலைவர் உண்டு சார்!

*

இதுக்கு என்ன பதில் வரும்னு தெரியும். "பாஜககிட்ட பணம் இருக்கு, மீடியா இருக்கு, அதிகாரம் இருக்கு. மைதானமே சாய்வா இருக்கு, நீ காங்கிரசைக் குறை சொல்ற."

மைதானம் சாய்வுதான், மறுக்கல. தேர்தல் பத்திரத்துல பாஜகவுக்கு 6 ஆயிரம் கோடிக்கு மேல போச்சு, காங்கிரசுக்கு சுமார் 1,400 கோடி. 2024 தேர்தல் நேரத்துல காங்கிரசோட வங்கிக் கணக்குல வருமான வரித்துறை கை வெச்சுது. இதெல்லாம் நியாயம்னு நான் சொல்லல. ஆனா அதே சாய்ந்த மைதானத்துலதான் அகிலேஷ் 37 வாங்கினார். கேனிபென் ஜெயிச்சாங்க.

அடுத்தது, வாக்காளர் பட்டியல். 2025ல ராகுல் 'வாக்குத் திருட்டு'ன்னு பெங்களூரு மகாதேவபுரா பட்டியலை வெச்சு ஒரு லட்சம் போலி ஓட்டுன்னு குற்றம் சாட்டினார். தேர்தல் கமிஷன் மறுத்துச்சு. யார் சொல்றது சரின்னு தீர்ப்பு சொல்ல நான் நீதிபதி இல்ல. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பட்டியல்ல தப்பு இருந்தா அதை முதல்ல கண்டுபிடிக்க வேண்டியது பூத்துல இருக்கிற ஆள். 2025ல பீகார் பட்டியல் திருத்தத்துல, வரைவுப் பட்டியல்லேருந்து 65 லட்சம் பேர் விடுபட்டுப் போனாங்க. அதைச் சரிபார்க்க பாஜக போட்ட பூத் ஏஜென்ட்கள் சுமார் 53 ஆயிரம். காங்கிரஸ் போட்டது சுமார் 17 ஆயிரம். நவம்பர்ல தேர்தல் முடிவு வந்தப்போ, காங்கிரஸ் நின்ன 61ல ஜெயிச்சது 6.

திருட்டு நடக்குதுன்னு கத்தறவன் முதல்ல வாசல்ல காவலுக்கு ஆள் போடணும் இல்லையா? எங்க மாமா பட்டியல்ல ஒரு பேர் விட்டுப் போனாலும் தாலுகா ஆபீஸ் வரைக்கும் போய்ச் சண்டை போடுவார். பிரஸ் மீட் வைக்க மாட்டார். அவருக்கு அது தெரியவும் தெரியாது.

மூணாவது, "மோடி இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது." இது கொஞ்சம் கனமான வாதம். ஹிமாச்சல் ரெட்டை மெஷின் கதை இதைத்தான் சொல்லுது. ஆனா 2009லேருந்து 2014க்குள்ள காங்கிரஸ் 30லேருந்து 3க்கு விழுந்ததை மோடி அலைன்னு ஒத்துக்கிட்டாலும், அதுக்கப்புறம் பத்து வருசமா அங்கேயே கிடக்கிறதுக்கு அலை காரணம் இல்ல. அலை அடிச்சு முடிஞ்சதும் வீட்டைத் திரும்பக் கட்டணும். இவங்க கடற்கரையில நின்னு அடுத்த அலை எதிர்ப்பக்கமா அடிக்குமான்னு பார்த்துட்டு இருந்தாங்க.

*

அப்போ காங்கிரசுக்கு இது தெரியாதா? தெரியும். 2025 மார்ச்சுல ராகுலே அகமதாபாத்ல போய், நம்ம கட்சியிலயே சில பேர் பாஜகவோட கள்ள உறவுல இருக்காங்கன்னு கட்சிக்காரங்க மத்தியிலயே போட்டு உடைச்சார். பந்தயக் குதிரையைக் கல்யாண ஊர்வலத்துக்கும், ஊர்வலக் குதிரையைப் பந்தயத்துக்கும் அனுப்பறோம்னு ஒரு உவமை வேற. ஏப்ரல்ல அதே அகமதாபாத்ல அகில இந்திய மாநாடு போட்டு, மாவட்டத் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுக்கப் போறோம்னாங்க. நோய் சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. மருந்தை முழு கோர்ஸ் சாப்பிடுவாங்களாங்கிறதுதான் என் சந்தேகம். ரெண்டு நாள் காய்ச்சல் குறைஞ்சதும் மாத்திரையை நிறுத்தறது இவங்க பழக்கம்.

என்கிட்ட கேட்டா (யாரும் கேட்கலைன்னாலும் சொல்றது நம்ம வழக்கமாச்சே) மூணு விஷயம்.

ஒண்ணு, இந்த 75ல ஜெயிக்க வாய்ப்பிருக்கிற 40 தொகுதியைத் தேர்ந்தெடுத்து, தேர்தலுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே வேட்பாளர் யாருன்னு சொல்லிடணும். ரெண்டு வருசம் தினமும் ஊருக்குள்ள சுத்தினவன் கடைசி நாள் வாபஸ் வாங்கறது கஷ்டம். ஓடிப் போறவனா இருந்தா முன்னாடியே ஓடிடுவான், அதுவும் லாபம்தான்.

ரெண்டு, தோத்தவங்களை மாத்தாதீங்க. கேனிபென் 2012ல தோத்தாங்க, 2017ல ஜெயிச்சாங்க. தேர்தலுக்குத் தேர்தல் புது முகம் தேடற கட்சிக்கு எந்த ஊர்லயும் பழைய முகம் இருக்காது. ஓட்டு பழைய முகத்துக்குத்தான் விழும்.

மூணு, மாநிலத் தேர்தல்ல ஜெயிச்சா அந்த ஆட்சியை டெல்லிக்கு நமூனாவா காட்டணும். 2018ல மூணு மாநிலம் ஜெயிச்சு, அஞ்சு மாசத்தை யார் முதல்வர்ங்கிற இழுபறியிலயும் கோஷ்டிச் சண்டையிலயும் கரைச்சாங்க. அட்டவணைப்படி இந்த அஞ்சு மாநிலத்துக்கும் 2029க்கு முன்னாடி சட்டசபைத் தேர்தல் உண்டு. உத்தரகண்ட், குஜராத், ஹிமாச்சல் 2027ல. மபி, சத்தீஸ்கர் 2028 கடைசியில. என்னைப் பொறுத்தவரை அதுதான் அரைப்பரீட்சை.

கூட்டணி பேச வேண்டாம்னு சொல்லல. பேசுங்க. ஆனா குஜராத்ல 2024ல ஆம் ஆத்மியோட கூட்டணி வெச்சும் பார்த்தாங்க. அவங்களுக்குக் கொடுத்த பரூச், பாவ்நகர் ரெண்டும் தோல்வி. இந்த ஊர்கள்ல தோள் கொடுக்க ஆளில்ல, சொந்தக் கால்லதான் நிக்கணும். நாளைக்கு மக்கள்தொகையை வெச்சுத் தொகுதிகளை மறுவரையறை பண்ணினா, மபி மாதிரி மாநிலங்களோட எடை இன்னும் கூடும், தமிழ்நாடு கேரளாவோட எடை குறையும். அப்போ இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும்.

என் கணிப்பு என்னன்னு கேட்டா, இப்படியே போனா 75ல பத்தைத் தாண்டாது. பத்து வந்தா தே.ஜ.கூ.வுக்கு எட்டு குறையும், ஆட்சி மாறாது. சத்தீஸ்கர், ஹிமாச்சல் ரெண்டையும் சரி பண்ணினா எட்டுப் பத்து கிடைக்கும். மீதியை இந்தூரிலும் சூரத்திலும்தான் தேடணும். அதுக்கு அஞ்சு வருச வேலை தேவை. அஞ்சு வாரப் பிரசாரம் போதாது.

போன தடவை ஊருக்குப் போனப்போ மாமாகிட்ட இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். 2004, 2009னு வரிசையா. பொறுமையாக் கேட்டார். நோட்டா கதை வந்தப்போதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு லச்சம் பேரு, ஆளில்லன்னு தெரிஞ்சும் வரிசையில வந்து நின்னுருக்கானாக்கும்?"

"ஆமா மாமா."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னார்: "நம்ம தெருவுல ஒரு ஓட்டுக்கு நான் ஒம்பது நடை நடப்பேன்டே. அங்க ரெண்டு லச்சம் பேரு அவனாவே வந்து நிக்கான். போய்க் கூப்பிட ஒரு ஆளு இல்ல பாத்தியா."

நான் எக்செல்ல ஒரு வாரம் உட்கார்ந்து கண்டுபிடிச்சதை மனுஷன் ஒரு டம்ளர் டீ முடியறதுக்குள்ள சொல்லிட்டார். காங்கிரஸ் தலைமைக்கு ஒரு வேண்டுகோள்: ஆலோசகர்களுக்குக் கொடுக்கிற காசுல, எங்க மாமாவை ஒரு மாசம் இந்தூருக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்தி தெரியாது. ஆனா பட்டியலைப் பார்க்கத் தெரியும்.

பி.கு: கூட்டல் கழித்தல்ல தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன். "நீ காங்கிரஸ் கைக்கூலி", "நீ சங்கி"ன்னு ரெண்டு பக்கமும் திட்ட வர்றவங்க, தயவுசெஞ்சு வரிசையில வரவும்.